சம்பளம் உயர்ந்தும் கைக்கு வராதது ஏன்? வேலை மாறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுக்கு 12,75,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு 2025-26 நிதியாண்டில், புதிய வரி முறையில், வருமான வரி ஒரு ரூபாய்கூட இல்லை. அவர் 13,50,000 ரூபாய்க்கு வேறு கம்பெனி மாறுகிறார். வீட்டில் மகிழ்ச்சி, நண்பர்களுக்கு ட்ரீட்டும் கொடுத்தாயிற்று. ஆனால் கூடுதலாகக் கிடைத்த 75,000 ரூபாயில் 74,100 ரூபாய் வரியாகப் போய்விடும். ஆண்டு முழுவதற்கும் மிஞ்சுவது 900 ரூபாய்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை, சட்டமே அப்படித்தான். சம்பளத்திலிருந்து 75,000 ரூபாய் நிலையான கழிவு போக, வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் முழு வரியும் தள்ளுபடி. அதைத் தாண்டிவிட்டால் தள்ளுபடி போய்விடும். 4 லட்சத்துக்கு மேல் உள்ள எல்லாத் தொகைக்கும் 5, 10, 15 சதவீதம் என்று அடுக்கடுக்காக வரி விழும். 12 லட்சத்தைச் சற்றே தாண்டியவர்கள் பாதிக்கப்படக் கூடாது என்று ‘மார்ஜினல் ரிலீஃப்’ என்றொரு சலுகை உண்டு: தாண்டிய தொகையைவிட வரி கூடாது. அதாவது, 10,000 தாண்டினால் வரி 10,000. அதன் மேல் 4 சதவீத செஸ் (வரித் தொகையின் மேல் போடும் கூடுதல் வரி) வேறு. வரிக்குரிய வருமானம் சுமார் 12,70,000 ஆகும்வரை இதே கதைதான். இந்த இடைவெளியில் வரும் உயர்வு அப்படியே அரசுக்குப் போகிறது, செஸ்ஸுக்காகக் கையிலிருந்தும் கொஞ்சம் போகும்.

இதற்காகச் சம்பள உயர்வே வேண்டாம் என்று சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது முட்டாள்தனம். அடுத்த ஆண்டின் உயர்வு இந்தத் தொகையின் மேல்தான் கணக்கிடப்படும். இங்கே நடக்கும் தவறு வேறு: சம்பளம் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று கேட்காமலேயே ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவது. அதே 13,50,000 ரூபாயில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 6,75,000 என்று வையுங்கள். பேசிக்கில் 14 சதவீதத்தை, அதாவது 94,500 ரூபாயை, கம்பெனியின் பங்காக என்.பி.எஸ்ஸில் (தேசிய ஓய்வூதியத் திட்டத்தில்) போடச் சொன்னால் புதிய வரி முறையிலும் அதற்கு விலக்கு உண்டு. வரிக்குரிய வருமானம் 11,80,500 ஆகிறது, வரி பூஜ்யம். என்.பி.எஸ் பணத்தில் பெரும்பகுதி ஓய்வுக்காலம் வரை முடங்கும் என்பது உண்மை. மாதாமாதம் இ.எம்.ஐ நெருக்குகிறவருக்கு இது சரிப்படாது. மற்றவர்கள் ஹெச்.ஆரிடம் ஒரு வார்த்தை கேட்பதில் நஷ்டமில்லை.

இந்தக் கட்டுரையில் வரும் வரிக் கணக்குகள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டதால், எண்களைச் சொல்லிக் குழப்பவில்லை.

சி.டி.சியைப் பன்னிரண்டால் வகுப்பது

15 லட்சம் சி.டி.சி (கம்பெனி உங்களுக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு) என்றால் மாதம் 1,25,000 வரும் என்று நினைத்து வாடகை வீடு பார்ப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பேசிக் 7,50,000 என்று கொண்டால், கம்பெனி கட்டும் பி.எஃப் பங்கு 90,000, கிராஜுவிட்டிக்கு (சில ஆண்டு சேவைக்குப் பின் விலகும்போது தரும் பணிக்கொடை) ஒதுக்குவது 36,000 சொச்சம், ‘வேரியபிள்’ என்ற பெயரில் ஊக்கத்தொகையாக 1,50,000. இவை எதுவும் மாதச் சம்பளத்தில் வராது. மீதி மாதத்துக்கு சுமார் 1,02,000. அதில் உங்கள் பங்கு பி.எஃப் 7,500, வருமான வரி சராசரியாக 6,500 போனால் கைக்கு வருவது 88,000.

வேரியபிள் எப்போது, எதன் அடிப்படையில், போன வருடம் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்பதை நேர்காணலிலேயே கேட்டுவிட வேண்டும். கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்ற தயக்கம் நம்மவர்களுக்கு அதிகம். ஜாயினிங் போனஸும் அப்படித்தான். ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று சிறிய எழுத்தில் இருக்கும். வாங்கிய ஆண்டில் வரி கட்டியிருப்பீர்கள். திருப்பிக் கொடுப்பது அடுத்த நிதியாண்டில் என்றால், கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. வரி போக வாங்கிய பணத்தை வரியோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

பழைய கம்பெனிச் சம்பளத்தைப் புதிய கம்பெனியிடம் சொல்லாமல் விடுவது

என் பார்வையில் வேலை மாறுவோர் செய்யும் தவறுகளில் அதிகம் வலிப்பது இதுதான். ஆண்டுதோறும் ஜூலையில் ஆடிட்டர் அலுவலகங்களில் நடக்கும் உரையாடல் இது (டிடிஎஸ் என்பது பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி, ஃபார்ம் 16 என்பது சம்பளத்துக்கும் பிடித்த வரிக்கும் கம்பெனி தரும் சான்று):

“சார், ரெண்டு கம்பெனியும் டிடிஎஸ் பிடிக்கல. அப்போ எனக்கு வரி இல்லதானே?”

“ரெண்டு ஃபார்ம் 16-ஐயும் காட்டுங்க தம்பி.”

தம்பிக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சம்பளம் மாதம் 1,00,000. பழைய கம்பெனி ஆண்டுக்கு 12 லட்சம் என்று கணக்குப் போட்டது, நிலையான கழிவு போக 11,25,000, வரி இல்லை. அக்டோபரிலிருந்து மாதம் 1,40,000. புதிய கம்பெனிக்குத் தெரிந்தது ஆறு மாதச் சம்பளமான 8,40,000 மட்டும். அதற்கும் வரி இல்லை. இரு பக்கமும் தனித்தனியே சரி. வருமான வரித் துறைக்கோ இரண்டும் ஒரே பான் எண்ணில் தெரிகிறது. மொத்தம் 14,40,000. நிலையான கழிவை இருவரும் தனித்தனியாகக் கொடுத்திருந்தாலும் சட்டப்படி ஒரு முறைதான். வரிக்குரிய வருமானம் 13,65,000. வரி செஸ்ஸோடு 88,140 ரூபாய். முன்கூட்டியே கட்டாததால் வட்டியும் சேரும். ஜூலையில் கட்டினால் அது ஏழெட்டாயிரம் வரும். புது வேலை கிடைத்த சந்தோஷத்தில் வாங்கிய பைக்குக்கு இ.எம்.ஐ ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த ஒரு லட்சத்துக்கு எங்கே போவது?

தவிர்ப்பது எளிது. சேர்ந்த முதல் மாதமே பழைய சம்பளம், பிடித்த வரி விவரத்தை அதற்கான படிவத்தில் (2025-26 வரை 12பி) எழுதி ஹெச்.ஆரிடம் கொடுத்துவிட்டால் அவர்கள் மொத்தத்துக்கும் கணக்கிட்டு மீதி மாதங்களில் பிரித்துப் பிடிப்பார்கள். பழைய சம்பளத்தைப் புதிய கம்பெனிக்குக் காட்ட விரும்பாதவர்கள் (பேரம் பேசும்போது கொஞ்சம் கூட்டிச் சொன்னவர்களுக்கு இந்தச் சங்கடம் உண்டு) தாங்களே மார்ச் 15-க்குள் முன்கூட்டிய வரியாகக் கட்டிவிடலாம். அப்படிச் செய்தால் வட்டியின் பெரும்பகுதி மிச்சம்.

விலகிய கையோடு பி.எஃப் பணத்தை எடுப்பது

வேலையை விட்ட மறுமாதமே பலருக்கும் வரும் எண்ணம் இது. தொடர்ந்து ஐந்தாண்டு சேவை முடியாமல் எடுத்தால் கம்பெனி போட்ட பங்கும் அதன் வட்டியும் அந்த ஆண்டின் சம்பளமாகவே பாவிக்கப்பட்டு வரிக்கு வரும். உங்கள் பங்குக்குக் கிடைத்த வட்டிக்கும் வரி உண்டு. 50,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் கொடுக்கும்போதே 10 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். பழைய கணக்கைப் புதிய கம்பெனிக்கு மாற்றியிருந்தால் இரண்டு இடத்துச் சேவையும் சேர்ந்து ஐந்தாண்டாகக் கணக்காகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2024-25-க்கு 8.25 சதவீத வட்டி கொடுத்த கணக்கு அது. வங்கி டெபாசிட்டில் அந்த வட்டியைத் தேடிப் பாருங்கள்.

பி.எஃப்போடு சேர்ந்த பென்ஷன் பகுதி இன்னொரு விஷயம். பத்தாண்டு சேவை இருந்தால்தான் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி. ஒவ்வொரு முறை வேலை மாறும்போதும் அதையும் சேர்த்து எடுத்துவிடுபவருக்குக் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

சரி, பி.எஃப் கணக்கைப் புதிய கம்பெனிக்கு மாற்றுவோம் என்று உட்கார்ந்தால் தமிழ்நாட்டில் தனியாக ஒரு தலைவலி இருக்கிறது: இனிஷியல். பழைய கம்பெனி ‘எஸ். குமார்’ என்று பதிந்திருக்கும். ஆதாரில் ‘குமார் சுப்ரமணியன்’. பானில் அப்பா பெயர் முன்னால் வந்து ‘சுப்ரமணியன் குமார்’. மூன்றும் ஒருவர்தான் என்று கம்ப்யூட்டருக்குப் புரியாது. கோரிக்கை திரும்பி வந்துவிடும். வேலையில் இருக்கும்போதே, கையெழுத்துப் போட ஹெச்.ஆர் பக்கத்து இருக்கையில் இருக்கும்போதே, யு.ஏ.என் (பி.எஃப் உறுப்பினருக்கான நிரந்தர எண்) தளத்தில் பெயரையும் பிறந்த தேதியையும் சரிசெய்துவிட வேண்டும். கம்பெனியே மூடிவிட்ட பிறகு இதற்காக அலைபவர்களின் பாடு தனிக் கதை. விலகிய தேதியைப் பழைய கம்பெனி பதியாமல் இழுத்தடித்தால், கடைசியாகப் பி.எஃப் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே பதிந்துகொள்ளலாம். புதிய இடத்தில் சேரும்போது இன்னொரு யு.ஏ.என் வாங்கிவிடாதீர்கள், ஆயுளுக்கும் ஒன்றுதான்.

இதே பக்கத்தில் கிராஜுவிட்டியையும் பார்த்துவிடலாம். கடைசி பேசிக் 40,000, சேவை ஐந்தாண்டு என்றால் தொகை 1,15,000 ரூபாய்க்குச் சற்று மேல், அதுவும் வரியில்லாமல். நான்கரை ஆண்டில் விலகினால் ஒன்றுமில்லை. ஆனால் நான்காண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அதை முழு ஆண்டாகக் கொள்ளலாம் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எல்லாக் கம்பெனியும் தானாக முன்வந்து கொடுத்துவிடாது. ராஜினாமா கடிதத்துக்கு முன்பே கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. நான்கரை ஆண்டு முடிந்தவர், 240 நாள் ஆவதற்கு இன்னும் இரண்டு மாதம் பொறுக்க முடியுமா என்பதைப் புதிய கம்பெனியின் சேரும் தேதியோடு சேர்த்துப் பேசுங்கள்.

‘கன்சல்டன்ட்’ ஆகும்போது டிடிஎஸ்ஸையே வரி என்று நினைப்பது

சில கம்பெனிகள் ஊழியராக எடுக்காமல் ஒப்பந்தத்தில் எடுத்து 10 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும். பிடித்தாயிற்று, வரி முடிந்தது என்று பலர் ரிட்டர்னே தாக்கல் செய்வதில்லை. சிலருக்கு இதில் பணம் திரும்பி வர வேண்டியிருக்கும். பொறியாளர், மருத்துவர், வழக்கறிஞர், தொழில்நுட்ப ஆலோசகர் போன்ற குறிப்பிட்ட தொழில்களில் ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் (ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை) பாதியை லாபமாகக் காட்டினால் போதும். கணக்குப் புத்தகம் தேவையில்லை. 18 லட்சம் வரவு என்றால் வருமானம் 9 லட்சம், புதிய வரி முறையில் வரி பூஜ்யம். பிடித்த 1,80,000-உம் திரும்ப வரும். உண்மையான லாபம் பாதிக்கு மேல் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடும் ‘வரி ஆலோசகர்கள்’ சமூக ஊடகத்தில் நிறைய.

மறுபக்கமும் இருக்கிறது. பி.எஃப்பில் கம்பெனி பங்கு கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, சம்பளத்தோடு விடுப்பு கிடையாது, குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீட்டை நீங்கள்தான் எடுக்க வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி பதிவும் வரும். ஊழியருக்குக் கொடுக்கும் அதே தொகைக்கு ஒப்பந்தத்தில் போவது என் கணக்கில் சம்பளக் குறைப்புதான்.

பழக்கதோஷத்தில் வரிசேமிப்பு முதலீடு

பிப்ரவரி வந்தால் அவசரமாக ஒரு பாலிசி எடுப்பது, அதற்குக் கழிவு கிடைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு பழைய வரி முறையைத் தேர்வது. 20 லட்சம் சம்பளக்காரருக்குப் பழைய முறை லாபமாக வேண்டுமானால், நிலையான கழிவு தவிர 7 லட்சத்துக்கு மேல் கழிவுகள் வேண்டும். பி.எஃப், காப்பீடு, வீட்டுக்கடன் வட்டி எல்லாம் சேர்த்தாலும், பெரிய வாடகை கட்டாதவருக்கு அது எட்டாது.

வளைகுடாவுக்கு அக்டோபரில் விமானம் ஏறுவது

துபாயில் வருமான வரி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வேலைக்காக வெளிநாடு போகும் ஆண்டில், ஏப்ரல் 1 முதல் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்திருந்தால் நீங்கள் அந்த ஆண்டுக்கு இங்கே குடியிருப்பவர்; அங்கே சம்பாதித்ததற்கும் இங்கே வரி. ஏப்ரலிலிருந்து தொடர்ந்து இங்கேயே இருந்தவருக்கு 182ஆம் நாள் செப்டம்பர் 29. புறப்படும் நாளும் கணக்கில் சேர்வதால் 28-க்குள் கிளம்பியிருக்க வேண்டும்.

இங்கே 5 லட்சம், அங்கே மார்ச் வரை 13 லட்சம் சம்பாதித்தவர் என்று வையுங்கள். செப்டம்பர் 25-இல் போயிருந்தால் இந்தியச் சம்பளத்துக்கு மட்டும் வரி: 1,300 ரூபாய் (வெளிநாடு வாழ் இந்தியருக்கு அந்த 12 லட்சத் தள்ளுபடி இல்லாததால் இதுவாவது விழுகிறது). ஆயுத பூஜையை வீட்டில் முடித்துவிட்டு அக்டோபர் பத்தாம் தேதி போயிருந்தால் 1,50,800 ரூபாய். அங்கே வரியே கட்டாததால் அதைக் காட்டி இங்கே கழித்துக்கொள்ளவும் வழியில்லை. விசா தாமதத்தை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் தேதியைத் தேர்வு செய்யும் வாய்ப்பை உங்களிடமே கொடுத்தால், டிக்கெட் போடும் முன் நாள்காட்டியில் எண்ணிப் பாருங்கள். இடையில் ஏதாவது நேர்காணலுக்கு வெளிநாடு போய் வந்திருந்தால் பாஸ்போர்ட் முத்திரைகளையும் பார்த்து அந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம்.