நாற்பது பேருக்கு ஒரே லிங்க்கை அனுப்பும் முன்

கூகுள் டாக்ஸில் ஒரு ஃபைலைத் திறந்து, ஷேர் பட்டனை அழுத்தி, 'லிங்க் உள்ள எவரும்', 'எடிட்டர்' இரண்டையும் தேர்ந்தெடுத்து, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவது. முதல் தவறு இதுதான், நானும் செய்திருக்கிறேன். எட்டாம் வகுப்புக்கு, "நம்ம ஊர் ஏரியைப் பற்றி ஆளுக்கு ஐந்து வரி எழுதுங்கள்" என்று அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் திரையின் மேல் ஓரத்தில் அனானிமஸ் கேப்பிபாரா, அனானிமஸ் ஆக்ஸலாட்டில் என்று விலங்குகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன, லாகின் செய்யாமல் நுழைகிறவர்களுக்கு கூகுள் வைக்கிற பெயர்கள் அவை. அதில் ஒரு கேப்பிபாரா மொத்தத்தையும் செலக்ட் செய்து அழித்துவிட்டுப் போய்விட்டது. யாரென்று இன்றுவரை தெரியாது.

பதறிப்போய் கன்ட்ரோல் இசட் அழுத்தினேன். பலனில்லை, அது நாம் செய்த மாற்றத்தை மட்டும்தான் திருப்பும். ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரிக்குள் போனால் பழைய வடிவங்கள் எல்லாம் நேரத்தோடு இருக்கும். அங்கேயும் அவசரப்பட்டு 'ரீஸ்டோர்' கொடுக்காதீர்கள், அந்த நேரத்துக்குப் பிறகு மற்ற பிள்ளைகள் எழுதியதும் சேர்ந்து பின்வாங்கிவிடும். காணாமல் போன பகுதியை மட்டும் காப்பி எடுத்து ஒட்டினால் போதும். யார் அழித்தார்கள் என்று அங்கே தேடுவதும் வீண், லாகின் செய்யாதவர்களை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டித்தான் காட்டும்.

தனித்தனியாக எழுத வேண்டிய வேலை என்றால் ஆளுக்கொரு ஃபைல்தான் சரி. வகுப்புக்கு வேலை கொடுத்து வாங்க உதவும் கூகுள் கிளாஸ்ரூமில் ஃபைலை இணைக்கும்போதே 'ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நகல்' என்ற வசதி உண்டு. போஸ்ட் செய்வதற்கு முன்பே அதைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும், அப்புறம் மாற்ற முடியாது. குழு வேலைக்கு நான்கைந்து பேருக்கு ஒரு ஃபைல். படிக்க மட்டும் கொடுப்பதற்கு 'வியூவர்', ஒருவர் கட்டுரையை இன்னொருவர் பார்த்துக் கருத்துச் சொல்ல 'கமென்டர்'.

அந்த வெர்ஷன் ஹிஸ்டரியைப் பார்த்து மார்க் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. யார் டைப் செய்தார்கள் என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். மூன்று பேர் நோட்டில் எழுதி, வேகமாக டைப் அடிக்கத் தெரிந்த நான்காவது பிள்ளை ஏற்றியிருந்தால், முழு மார்க்கும் கட்டைவிரலுக்குத்தான் போகும்.

கூகுள் ஃபார்ம்ஸில் பொறி வேறு மாதிரி. பதில்களின் தொகுப்பைப் பதிலளித்தவர்களும் பார்க்கலாம் என்று செட்டிங்ஸில் ஒரு பட்டன் இருக்கிறது. வினாடி வினாவுக்கு அது சுவாரசியம். அப்பா பெயர், போன் நம்பர், முகவரி கேட்டிருக்கும் படிவத்தில் அதை ஆன் செய்துவிட்டால், வகுப்பே வகுப்பின் விவரத்தைப் படிக்கும். ஃபார்மிலிருந்து வரும் ஷீட்டை அப்படியே குழுவில் போடுவதும் இதே கதைதான். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள், அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது அது. தேவையில்லாததைக் கேட்காமல் இருந்துவிட்டால் பாதித் தலைவலி குறையும்.

தமிழாசிரியர்களுக்கென்று தனியாக ஒன்று. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய வினாத்தாளை டாக்ஸில் ஒட்டினால், 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். எந்தத் திரையிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் பகிர வேண்டும். நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறவர்கள் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் படத்தைச் சுருக்கி, பென்சில் எழுத்தைப் புகையாக்கிவிடும்.

கிளாஸ்ரூமில் கெடு வைப்பதில் நான் தடுக்கி விழுந்தது வேறு விதம். மாலை ஐந்து மணி என்று வைத்திருந்தேன். ஒரு பையன் பெயருக்கு நேரே ஒவ்வொரு முறையும் 'மிஸ்ஸிங்' என்று சிவப்பில் வரும், இரண்டு வாரம் அவனைத் திட்டியும் இருக்கிறேன். வீட்டில் இருப்பது ஒரே போன், அது அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு எட்டரைக்குத்தான் திரும்பும். இப்போது கெடு மறுநாள் காலை எட்டு மணி.