பட்டறைக்கு ஊரும் இடமும் தேர்ந்தெடுப்பது எப்படி: கோவை, ஓசூர், அம்பத்தூரை முன்வைத்து

பத்துப் பதினைந்து பேருடன் நடக்கும் இயந்திரப் பட்டறைக்கு இடம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் சதுர அடி வாடகையிலிருந்தே கணக்கைத் தொடங்குகிறார்கள். பதினெட்டு ஆண்டுகளாகக் கோவையில் பம்பு உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் பட்டறை நடத்திவரும் நானும் ஒருமுறை அப்படித்தான் தொடங்கி, பட்டுத் தெளிந்தேன். ஆகவே இந்த வழிகாட்டியில் வாடகையைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். உங்கள் பொருள் மூலப்பொருளாக வந்து சேர்வதற்கும் விற்பனைக்குப் புறப்படுவதற்கும் இடையே யார் யார் கை அதில் படுகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

ஒரு தாளை எடுத்து அந்த வழியை எழுதுங்கள். பம்பில் தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லர் என்றால், வார்ப்புக்கான மாதிரி அச்சை (பேட்டர்ன்) செய்பவர், வார்ப்படம் ஊற்றும் ஃபவுண்டரி, கடைசலுக்கு நீங்கள், பேலன்சிங் பார்ப்பவர் எனப் பட்டியல் நீளும். ஷாஃப்ட் (சுழல்தண்டு) என்றால் அதில் கீவே எனும் பள்ளம் வெட்டுபவரும் ஹீட் ட்ரீட்மென்ட் செய்பவரும் கிரைண்டிங் பட்டறையும் சேர்ந்துகொள்வார்கள். அதே தாளின் மறுபக்கத்தில், இயந்திரம் நின்றுபோனால் யாரையெல்லாம் கூப்பிடுவீர்கள் என்பதை எழுதுங்கள்: ஸ்பிண்டில் (இயந்திரத்தின் சுழலும் முக்கியத் தண்டு) பழுதுபார்ப்பவர், மோட்டாருக்குக் காயில் கட்டுபவர், பேரிங் கடை, வெட்டுமுனையான இன்செர்ட் விற்பவர், அளவுக் கருவிகளான கேஜ்களைச் சரிபார்த்துச் சான்று தரும் ஆய்வகம். இந்த இரண்டு பட்டியல்களிலும் இருப்பவர்களில் எத்தனை பேர் அரை மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்கிறார்கள் என்பதைக் கொண்டுதான், ஒரு தொழில்நகரம் உங்கள் தொழிலுக்கு உகந்ததா என்பதை அளக்க வேண்டும்.

கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே முதல் நூற்பாலை 1888-இல் வந்தது. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்ததும் ஆலைகள் பெருகின. ஆலை இயந்திரங்களுக்கு உதிரிபாகம் வேண்டும் என்பதற்காகப் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் தோன்றின. மழை குறைந்த இந்த வட்டாரத்தில் கிணறுகள் ஆழம் போகப் போக, அதே பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் பம்புகளுக்கும் மோட்டார்களுக்கும் திரும்பின. மோட்டார் செய்யத் தெரிந்த ஊர், பிறகு வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு பெறும் அளவுக்கு வளர்ந்தது. ஒரு தொழிலின் கழிவும் தேவையும் அடுத்த தொழிலுக்குத் தீனியாகி வளர்ந்த ஊர் என்பதால், கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ஒரு சந்துக்குள் நடந்தால் நான் மேலே சொன்ன பட்டியலில் பாதிப் பேரை வழியிலேயே சந்தித்துவிடலாம். பம்பையும் மோட்டாரையும் சோதித்துச் சான்று பெறுவதற்கு, தொழில் சங்கத்தினரே உருவாக்கிய சிடார்க் ஆய்வகம் ஊருக்குள் இருக்கிறது. இத்தகைய ஏற்பாட்டை எந்த அரசாணையாலும் ஐந்து ஆண்டுகளில் உருவாக்கிவிட முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். கணபதியில் ஷெட் போதவில்லை என்று, நகரத்திலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, சதுர அடிக்கு ஆறு ரூபாய் குறைவான வாடகைக்கு 5,000 சதுர அடி ஷெட் ஒன்றைப் பிடித்தேன். மாதம் 30,000 ரூபாய் மிச்சம் என்ற கணக்கு தாளில் அழகாக இருந்தது. ஆனால் ஹீட் ட்ரீட்மென்டுக்கும் கிரைண்டிங்குக்கும் வாரத்துக்கு ஐந்து நடை குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டி போய்வர வேண்டியிருந்தது. நடைக்கு 1,500 ரூபாய் என்றால் மாதம் இருபது நடைக்கு அதே 30,000 ரூபாய் போயிற்று. வாடகையில் மிஞ்சியது வண்டிக் கூலிக்குச் சரியாகிவிட்டது. அதற்கு மேல் வந்த இழப்பை நான் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை மாலை சி.என்.சி. லேத்தின் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரத்தின்) ஸ்பிண்டில் பேரிங் போனபோது, நகரத்துக்குள் என்றால் இரவே வந்து பார்த்திருக்கக்கூடிய மெக்கானிக், சனிக்கிழமைதான் வந்தார். அந்த ஷெட்டில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பிவந்தேன். இயந்திரங்களை இறக்கி ஏற்றிய செலவு தனி.

இதற்காக எல்லாரும் கோவைக்கு வந்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யாருக்கு விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஊர் மாறும். வாகன உதிரிபாகம் செய்பவருக்கு ஓசூர் நல்ல ஊர். 1980-ஐ ஒட்டி டிவிஎஸ், அசோக் லேலண்ட் ஆலைகள் அங்கே வந்த பிறகு, அவற்றுக்குச் சரக்கு கொடுக்கும் சிறு தொழிற்கூடங்கள், அரசு நிறுவனமான சிப்காட்டின் தொழிற்பேட்டையைச் சுற்றி வளர்ந்தன. பெங்களூரு ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர்தான். கருவிகளும் உயர்நுட்ப அளவீட்டு வசதிகளும் அங்கிருந்து அன்றைக்கே வந்துவிடும். ஆனால் ஒன்றிரண்டு பெரிய வாடிக்கையாளர்களை நம்பி நிற்கும் ஊரில், அவர்களுக்குத் தும்மல் வந்தால் உங்களுக்குக் காய்ச்சல் வரும். 2019-இல் வாகன விற்பனை சரிந்தபோது, பெரிய ஆலைகள் உற்பத்தி இல்லா நாள்களை அறிவித்தன. அவற்றை மட்டுமே நம்பியிருந்த பட்டறைகள் கூடவே ஷட்டரை இறக்கின. ஆகவே ஓசூரைத் தேர்ந்தெடுக்கிறவர், தமது சரக்கில் மூன்றில் ஒரு பங்காவது வேறொரு துறைக்குப் போகும்படி முதலிலேயே வழிசெய்துகொள்ள வேண்டும்.

ஏற்றுமதியும் சென்னை வாடிக்கையாளர்களும் முக்கியம் என்றால் அம்பத்தூர், கிண்டி போன்ற பழைய தொழிற்பேட்டைகள் கண்ணில் படும். கிண்டிப் பேட்டை 1958-இலிருந்து இருக்கிறது. அம்பத்தூரில் கிடைக்காத தொழில்நுட்ப உதவி குறைவு. அங்கே கவனிக்க வேண்டியது தண்ணீர். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும், இந்தப் பேட்டைகளில் வெள்ளம் புகுந்து இயந்திரங்கள் நாள்கணக்கில் நீரில் நின்றன. கண்ட்ரோல் பேனலுக்குள் தண்ணீர் போன சி.என்.சி. இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு, அதன்பின் எந்த ஷெட்டையும் தரைமட்டத்தைக் கேட்காமல் எடுக்க மனம் வராது. ஷெட் உரிமையாளரிடம் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எதிர்ச் சுவரிலோ பக்கத்து ஷெட்டின் கதவிலோ வெள்ளம் நின்ற கறைக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். டீக்கடைக்காரரிடம் 2023-இல் எங்கே வரை வந்தது என்று கேளுங்கள். கையைக் காட்டியே சொல்லிவிடுவார். தரை அந்தக் கோட்டுக்கு ஓர் அடியாவது மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால், மோட்டார்களையும் பேனல்களையும் உயர்த்தி வைப்பதற்கு ஆகும் செலவை வாடகையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஊர் முடிவானபின் ஷெட்டைப் பார்க்கப் போகும்போது, முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். ஷெட்டுக்கு இணைப்பு இருக்கிறது என்று சொன்னால் போதாது. அனுமதிக்கப்பட்ட மின்பளு எத்தனை கிலோவாட், எந்தக் கட்டண வகை, நிலுவை ஏதும் உண்டா என்பவற்றை மின்கட்டணப் பட்டியலைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். உங்கள் இயந்திரங்களின் குதிரைத்திறனைக் கூட்டி, அதை 0.746-ஆல் பெருக்கினால் கிலோவாட் வரும். அது அனுமதிக்கப்பட்ட பளுவுக்கு மேலே போனால், கூடுதல் பளுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பகுதியின் டிரான்ஸ்ஃபார்மரில் இடமில்லை என்றால் காத்திருப்பு மாதக்கணக்கில் நீளும். நேர்மாறாக, தேவைக்கு மேல் பளு உள்ள ஷெட்டை எடுத்தால், ஓடாத இயந்திரத்துக்கும் நிலைக்கட்டணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். 2022-இல் நிலைக்கட்டணமும் உச்சநேரக் கட்டணமும் ஏறியபோது கோவைச் சிறுதொழில் சங்கங்கள் போராடியது இதற்காகத்தான். மாலை ஏழு மணிக்கு, சுற்றியுள்ள பட்டறைகளெல்லாம் ஓடும் நேரத்தில், ஒரு எலெக்ட்ரீஷியனை அழைத்துச் சென்று மூன்று ஃபேஸ்களுக்கு இடையேயும் வோல்டேஜை அளந்து பாருங்கள். 415 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 370 காட்டினால், ஸ்டெபிலைசர் விலையையும் அதனால் வரும் தொல்லையையும் நீங்கள் சேர்த்தே வாடகைக்கு எடுக்கிறீர்கள்.

அடுத்து, ஷெட்டுக்கு இயந்திரம் வந்து சேரும் வழி. கணபதியில் நான் எடுக்கவிருந்த ஒரு ஷெட்டில் எல்லாமே பிடித்திருந்தது. முன்பணத்தைக் கூடப் பையில் வைத்திருந்தேன். கடைசியாக ஹைட்ரா (நகரும் கிரேன் வண்டி) ஓட்டுபவர் ஒருவரை அழைத்துப்போய்க் காட்டினேன். அவர் வண்டியை விட்டு இறங்காமலேயே, சந்து முனையில் தாழ்வாகத் தொங்கிய மின்கம்பியையும் வளைவில் நின்ற கம்பத்தையும் காட்டி, “லேத்தைத் தூக்கிக்கிட்டு இந்த முக்கைத் திருப்ப முடியாதுங்க” என்றார். ஆறு டன் இயந்திரம் உள்ளே வரவேண்டிய வழியை, சைக்கிளில் வந்து பார்த்த என் கண்ணால் அளந்திருந்தேன். அன்றுமுதல், ஷெட் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு ஹைட்ரா ஓட்டுநரையும் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவருகிறேன். அவருக்குக் கொடுக்கும் ஒரு மணி நேரக் கூலி மிகச் சிறிய காசு.

தரையையும் தட்டிப் பார்த்துவிடுங்கள். கொட்டுமண் போட்டு மேலே மெல்லிய காங்கிரீட் ஊற்றிய தரையில், இயந்திரத்தின் லெவல் மாதத்துக்கு ஒருமுறை நகரும். கிரைண்டிங் இயந்திரம் என்றால் அளவே நிற்காது. விவசாய நிலமாக இருந்த இடத்தில் கட்டிய ஷெட் என்றால், மூடிய கிணறு ஏதும் தரைக்கு அடியில் உண்டா என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

காகிதங்களில் அவசரம் கூடாது. சொந்தமாக வாங்குவதென்றால் முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், திட்ட அனுமதி ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும் என்பது பலருக்கும் தெரிந்ததே. வாடகைக்கு எடுப்பவர்கள்தான் பெரும்பாலும் கோட்டைவிடுகிறார்கள். அந்த நிலம் தொழில் பயன்பாட்டுக்கு வகைப்படுத்தப்பட்டதா என்று பார்க்காமல் குடியிருப்புப் பகுதியில் ஷெட் எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் குறித்துப் புகார் கொடுத்த பிறகு தவிக்கிறார்கள். பதினொரு மாத ஒப்பந்தத்தில் கடைசலுக்கு இயந்திரம் நிறுத்துவது பொருத்தமற்றது. அஸ்திவாரம் போட்டு, மின்கம்பி இழுத்து, இயந்திரம் நிறுத்தவே ஒன்றிரண்டு மாதம் போகிறது. ஐந்து ஆண்டுக்காவது எழுதி, பதிவும் செய்துகொள்ளுங்கள். ஆண்டுதோறும் எத்தனை விழுக்காடு வாடகை ஏறும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களை மாசின் அளவைப் பொறுத்துச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை போன்ற நிறங்களில் வகைப்படுத்தியிருக்கிறது. கடைசல் மட்டும் செய்யும்போது பெரிய சிக்கல் இருக்காது. ஆனால் நாளை எலெக்ட்ரோபிளேட்டிங்கும் நாமே செய்யலாம் என்ற எண்ணம் இருந்தால், அது மாசு மிகுந்த சிவப்பு வகை. எல்லா இடத்திலும் வாரியத்தின் அனுமதியான இசைவாணை கிடைக்காது. ஆகவே இன்றைய வேலைக்கு மட்டும் இல்லாமல், ஐந்து ஆண்டுக்குப் பிறகு சேர்க்க நினைக்கும் வேலைக்கும் அந்த இடம் ஏற்குமா என்று கேட்டுவிடுங்கள். இதை லேசாக எடுத்துக்கொள்கிறவர்களுக்கு நான் திருப்பூரை நினைவூட்டுவேன். நொய்யல் ஆறு மாசுபட்டதைத் தொடர்ந்து, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, பின்னலாடைத் தொழிலே தத்தளித்தது. சாயப்பட்டறைக்காரர்களோடு சேர்த்து, அவர்களை நம்பித் துணி கொடுத்த நிறுவனங்களும் வேறு ஊர்களுக்கு ஓட வேண்டியிருந்தது. உங்கள் பொருள் போகும் வழித்தடத்தில் உள்ள இன்னொருவரின் இசைவாணையும் உங்கள் கவலைதான்.

ஆள்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் இதைத் தாளில் அறிய முடியாது. ஐ.டி.ஐ.களும் பாலிடெக்னிக்குகளும் எத்தனை என்பதைவிட, இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து ஒருவர் வீட்டுக்குப் போக எந்தப் பேருந்து இருக்கிறது என்பது முக்கியம். நான் தள்ளிப்போன அந்த ஷெட்டில் கடைசிப் பேருந்து இரவு ஒன்பதுக்கு. நல்ல ஆபரேட்டர் இருவர் அதற்காகவே விலகினார்கள். வடமாநிலத் தொழிலாளர்களை வைத்து நடத்துவதானால், நடந்து வரும் தூரத்தில் அவர்களுக்குக் கௌரவமான அறை வாடகைக்குக் கிடைக்கிறதா என்று நீங்களே பார்த்துவைக்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடக் கூடாது.

மானியம் குறித்துக் கேட்பவர்கள் உண்டு. பின்தங்கிய வட்டாரங்களில் சலுகைகள் கூடுதல் என்பது உண்மைதான், மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்தால் விவரம் கிடைக்கும். அரசின் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோ, சிப்காட் மனைகளிலும் சாலையும் மின்சாரமும் நில வகைப்பாடும் ஒழுங்காக இருக்கும் என்பதால் பாதித் தலைவலி போய்விடும். சிப்காட் மனை 99 ஆண்டுக் குத்தகைக்குத்தான் கிடைக்கும் என்பதையும், குறிப்பிட்ட காலத்துக்குள் உற்பத்தியைத் தொடங்க வேண்டிய நிபந்தனையையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். மானியம் ஒருமுறை வரும். வண்டிக் கூலி மாதந்தோறும் போகும்.

கடைசியாக ஒரு சோதனை. முன்பணம் கொடுப்பதற்கு முன், நீங்கள் செய்யும் பொருளில் ஐம்பது உருப்படிகளை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போய், வழித்தடப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரிடமும் காசு கொடுத்து வேலை செய்து வாங்குங்கள். எத்தனை நாளில் முடிந்தது, எத்தனை உருப்படி ரிஜெக்ட் ஆனது, யார் போனை எடுத்தார்கள், யார் “நாளைக்கு” என்று மூன்று முறை சொன்னார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு வந்து ஷெட் உரிமையாளரிடம் வாடகையைப் பேசத் தொடங்குங்கள்.