இன்னொரு பூனை: வீட்டில் ஒருவருக்கு மனமில்லாதபோது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பேச்சு சென்னை வீடுகளில் அதிகம் எழும். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிற்கும் காரின் பானட்டுக்குள் சூடு தேடி ஏறிய குட்டி ஒன்று கத்திக்கொண்டிருக்கும். மேலே வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருக்கிறது. கணவன் மனைவி இருவரில் ஒருவர் துண்டை எடுத்துக்கொண்டு கீழே ஓடுகிறார். மற்றவர் வாசலிலேயே நின்று, "ஒண்ணு போதும்னு பேசியிருந்தோமே" என்கிறார்.

தெருக் குட்டிகளுக்கு வீடு தேடித் தரும் வேலையில் இருப்பதால் இந்த இரண்டு குரல்களையும் போனில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டேன். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும். ஆனால் அவசரத்தில் எடுத்த முடிவு தப்பாகிப் போனால் அதிகம் அனுபவிப்பது மனிதர்கள் இல்லை. திரும்ப அனுப்பப்படுவது குட்டி. கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு சாப்பாட்டைத் தொடாமல் கிடப்பது பழைய பூனை. வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை பதினைந்து வருடம் இருப்பது சாதாரணம். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் தூக்கி வந்துவிட்டு அப்புறம் கேட்பது

"மூஞ்சியைப் பார்த்தா மனசு இளகிடும்" என்பதுதான் எல்லோருடைய கணக்கும். இளகும், பெரும்பாலும் இளகவே செய்யும். ஆனால் உள்ளங்கையில் நடுங்கும் குட்டியைக் காட்டி "வச்சுக்கலாமா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்பவர் அந்த நிமிடமே கல்நெஞ்சக்காரர் ஆகிவிடுகிறார். அவருக்கு அங்கே சொல்ல ஒரே பதில்தான் இருக்கிறது: "சரி, என்னமோ பண்ணு." இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. வேண்டாவெறுப்பாகப் பிள்ளை பெற்றுக் காண்டாமிருகம் என்று பேர் வைத்த கதையாக, அந்தக் குட்டி சோபாவில் ஒருமுறை மூத்திரம் போனால் போதும், "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று தொடங்கிவிடும். அதற்கப்புறம் அந்தக் குட்டி செய்யும் ஒவ்வொரு சேட்டையும் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.

மழையில் நனைந்த குட்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லவில்லை. அன்றிரவு அதற்கு வேண்டியது சூடு, வயிற்றுக்கு ஏதாவது, ஒரு மூடிய கதவு. அது காப்பாற்றுவது. வளர்ப்பது என்பது வேறு முடிவு. இரண்டையும் ஒரே மூச்சில் பேசாதீர்கள். "இன்னைக்கு ராத்திரி பாத்ரூம்ல இருக்கட்டும், நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டிட்டு வேற வீடும் தேட ஆரம்பிக்கிறேன், நாம வளர்க்கிறதா வேணாமான்னு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து பேசலாம்" என்று சொல்லுங்கள். சொன்னபடி வீடும் தேடுங்கள். தேடாமல் வாயால் மட்டும் சொன்னால் அடுத்த முறை உங்கள் பேச்சு எடுபடாது.

பாத்ரூம் என்று சொன்னது இடத்துக்காக மட்டும் இல்லை. தெருக் குட்டிகளிடம் பேன்லூகோபீனியா என்ற வைரஸ் நோய் இருக்கலாம். வாந்தி, பேதி, சுருண்டு படுத்தல் என்று ஆரம்பித்து ஓரிரு நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும். அந்தக் கிருமி தரையிலும் துணியிலும் ஒரு வருடம் வரைகூட உயிரோடு இருக்கும். வழக்கமாகத் துடைக்கும் ஃப்ளோர் கிளீனர் பலவற்றுக்கு அது சாகாது, ப்ளீச்சிங் கரைசல்தான் வேண்டும். வீட்டுப் பூனைக்குத் தடுப்பூசி பாக்கி இருந்தால் உங்கள் கையும் செருப்புமே அதற்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். துணைக்குத் தெரியாமல் ஸ்டோர் ரூமில் ஒளித்து வைத்து வளர்ப்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை. வீட்டிலிருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருந்தால்தான் கதவை மூடி வைக்கவும், கை கழுவவும், இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்க்கவும் முடியும்.

"உனக்குப் பூனையே பிடிக்காது" என்று முடித்துவிடுவது

தயங்குகிறவர் பெரும்பாலும் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பூனைக்குத் தலை சொறிந்துவிடுகிறவர்தான். அவருடைய "வேண்டாம்" பூனையைப் பற்றியதாக இல்லாமல், பூனையைச் சுற்றியுள்ள ஏதோ ஒன்றைப் பற்றியதாக இருக்கும். அது என்னவென்று கண்டுபிடிக்காமல் வாதாடுவது வீண்.

அதிகம் நான் கேட்பது வேலையைப் பற்றி. காலையில் முதலில் எழுந்திருப்பவர் யார் என்று பாருங்கள். கால்மிதியில் முடி உருண்டையோடு கிடக்கும் வாந்தியைத் துடைப்பது அவர்தான். பாத்ரூமிலிருந்து சமையலறை வரை உள்ளங்காலில் ஒட்டி நறநறக்கும், பூனை மலஜலம் கழிக்கப் போட்டு வைக்கும் லிட்டர் மணலைப் பெருக்குவதும் அவர்தான். அப்படிப்பட்டவரிடம் "இன்னொண்ணு வந்தா எல்லாத்தையும் நானே பார்த்துக்கிறேன்" என்று சத்தியம் செய்வதில் பயனில்லை. இப்போது இருக்கும் ஒரு பூனையின் வேலை முழுவதையும் ஒரு மாதம் எடுத்துச் செய்துவிட்டு, அப்புறம் பேச்சை எடுங்கள். அந்த ஒரு மாதத்தில் உங்களுக்கே மனம் மாறினால் அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

பணம் இன்னொன்று. தீவனமும் லிட்டரும் இரட்டிப்பாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பயமுறுத்துவது எதிர்பாராத செலவு. ஆண் பூனைக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டால் அது ராத்திரியோடு ராத்திரியாக ஓட வேண்டிய அவசரம், பலநாள் சிகிச்சை. போன வருடத்து மருத்துவ பில்களை இருவரும் சேர்ந்து எடுத்துப் பாருங்கள். ஊகத்தில் சண்டை போடுவதைவிட இது எவ்வளவோ மேல். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும்போது யாரிடம் விடுவது என்பதும் இதில் சேரும். ஒரு பூனைக்குச் சாப்பாடு வைக்க எதிர்வீட்டு அக்கா ஒப்புக்கொள்வார், புதிதாக வந்து முறைத்துக்கொண்டிருக்கும் இரண்டு பூனைகளுக்கு அவர் தயங்கலாம்.

வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனர். குடியிருப்போர் சங்கம் செல்லப் பிராணிகளுக்குத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதை அச்செடுத்துச் சங்கத்தில் காட்டலாம். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய ஓனர் விஷயம் வேறு. அடுத்த வீடு தேடும்போது "ரெண்டு பூனை இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள், எத்தனை பேர் போனை வைக்கிறார்கள் என்று தெரியும். இந்தப் பயம் உள்ளவரைக் கோழை என்று நினைக்க வேண்டாம்.

உடம்பைப் பற்றிய பயங்களில் சிலது தீர்க்கக்கூடியது, சிலது அப்படி இல்லை. பூனை முடி பட்டாலே இளைப்பு வரும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. உண்மையில் ஒவ்வாமையைக் கிளப்புவது முடி இல்லை. பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் இருக்கும் ஒரு புரதம். நக்கி நக்கி அது முடியில் ஏறி, காய்ந்து, காற்றில் பரவுகிறது. ஒவ்வாமை உள்ளவருக்கு இது நிஜமான தொல்லை. ஒரு பூனையோடு தும்மலில் சமாளிக்கிறவர் இரண்டாவது வந்ததும் இன்ஹேலருக்குப் போகலாம். அங்கே அன்பைக் காட்டிக் கெஞ்சுவது தப்பு, டாக்டர் சொல்வதுதான் முடிவு. மாறாக, கர்ப்ப காலத்தில் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமியைப் பற்றிய பயம் பெரும்பாலும் சமாளிக்கக்கூடியது. பூனையின் மலத்தில் வெளியேறும் அந்தக் கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். லிட்டரைத் தினமும் வேறொருவர் அள்ளிப்போட்டாலே ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். ஆனாலும் தெருக் குட்டியைப் புதிதாகக் கொண்டுவர கர்ப்ப காலம் சரியான நேரம் இல்லை. சில மாதம் தள்ளிப்போடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

இன்னொரு காரணம் உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். முன்பு வளர்த்த பூனையைக் கடைசி நாட்களில் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள், இன்னொரு முறை அதைத் தாங்க முடியாது என்றுதான் வேண்டாம் என்பார்கள். கேட்டால் "செலவு" என்று சொல்லிவிடுவார்கள். அவசரப்படுத்தாமல் பேசினால் மட்டுமே இது வெளியே வரும்.

தயங்குகிறவருக்கும் ஒரு வார்த்தை. மனதுக்குள் முடிவாக வேண்டாம் என்று வைத்துக்கொண்டு வெளியே "பார்க்கலாம்" என்று இழுக்காதீர்கள். எதிரில் இருப்பவர் அதற்குள் பெயரே வைத்திருப்பார்.

"பாவம், தனியா இருக்கு" என்று பூனையைச் சாக்காக்குவது

துணையை மசிய வைக்க எல்லோரும் கையில் எடுக்கும் வாதம் இது. கொஞ்சம் பொறுங்கள். வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை, தனியாக வேட்டையாடித் தனியாகத் தின்னும் பிராணி. பூனைகள் சேர்ந்து வாழவே மாட்டா என்றில்லை. சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் தாய், மகள், அக்கா தங்கை என்று உறவுக்காரப் பெண் பூனைகள் கூட்டமாக இருந்து குட்டிகளைக்கூடச் சேர்ந்து வளர்க்கும். ஆனால் முன்பின் தெரியாத பூனையை நாம் கொண்டுவந்து நுழைப்பது வேறு. பழைய பூனைக்கு அது தன் எல்லைக்குள் அந்நியர் வந்தது போலத்தான்.

நாள் முழுக்கத் தூங்குகிறது, ராத்திரி காலைக் கடிக்கிறது என்றால் பெரும்பாலும் அது தனிமை இல்லை, சலிப்பு. கயிற்றில் கட்டிய இறகை வைத்து மாலையில் கால்மணி நேரம் விளையாடுங்கள், புறா வலை அடித்த பால்கனியில் ஏறி உட்கார ஒரு பலகை போடுங்கள், தீவனத்தைத் தட்டில் கொட்டாமல் அட்டைப்பெட்டிகளில் ஒளித்து வையுங்கள். சில வாரத்தில் அடங்கிவிட்டால் இரண்டாவது பூனைக்கான காரணம் அங்கேயே போய்விடும்.

உங்கள் பூனை யார் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒரு வயதுக்குள் இருக்கிற, கருத்தடை செய்த, வேறு பூனைகளோடு வளர்ந்த பூனைக்கு இன்னொரு குட்டி நல்ல தோழமையாக அமைய வாய்ப்பு அதிகம். பத்து வயதைத் தாண்டி, சிறுநீரகமோ மூட்டோ பாதித்திருக்கும் பூனையின் மேல் மூன்று மாதக் குட்டி ஓயாமல் பாய்வது அதற்குத் தண்டனை. கீழ்வீட்டு மதிலில் வேறு பூனை நடந்தாலே ஜன்னலில் நின்று உறுமி, கதவோரம் மூத்திரம் அடிக்கிற பூனை என்றால் அதன் பதில் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மன அழுத்தத்தால் பூனைகளுக்குக் கிருமி எதுவும் இல்லாமலே சிறுநீர்ப்பை வீங்கிக்கொள்ளும் நோய் வருகிறது. முன்பு ஒருமுறை அது வந்த பூனை வீட்டில் இருந்தால், முதலில் உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

இடக் கணக்கையும் இந்தச் சமயத்திலேயே போட்டுவிடலாம். எத்தனை பூனையோ அதைவிட ஒன்று கூடுதலாக லிட்டர் பாக்ஸ் வேண்டும் என்பது பூனை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் விதி. இரண்டு பூனைக்கு மூன்று, அதுவும் ஒரே மூலையில் வரிசையாக வைக்காமல் வெவ்வேறு இடங்களில். இரண்டு படுக்கையறை வீட்டில் அந்த மூன்றாவது பாக்ஸ் எங்கே போகும் என்று துணையோடு சேர்ந்து நடந்து பாருங்கள்.

ஃபாஸ்டர் என்ற பேரில் நைசாக நுழைப்பது

தற்காலிகமாக வைத்துப் பார்ப்பது நல்ல வழிதான், திரும்பிப் போகும் கதவு உண்மையிலேயே திறந்திருந்தால். எத்தனை வாரம், எந்தத் தேதி, சரிப்படவில்லை என்றால் குட்டி யாரிடம் போகும், தத்து கொடுக்கும் குழு திரும்ப எடுத்துக்கொள்ளுமா என்பதெல்லாம் முதல் நாளே பேசி வைத்திருக்க வேண்டும். அந்தத் தேதியில் "இப்போ எப்படி அனுப்புறது, பழகிடுச்சே" என்று கண்ணைக் கசக்கக் கூடாது. ஃபாஸ்டருக்கு ஆறேழு மாதத்துக்கு மேல் ஆன பூனையைக் கேட்டு வாங்குவது நல்லது. அதன் குணம் ஓரளவு தெரிந்துவிட்டிருக்கும், தயங்குகிறவரும் நிஜமாகவே அதைப் பார்த்து முடிவெடுக்க முடியும்.

இருவருக்கும் சம்மதமாகி, புதுப் பூனை வந்துவிட்டால் கடைசித் தவறு ஒன்று பாக்கி: கூண்டைத் திறந்து நடுஹாலில் விடுவது. முதல் நாளே இரண்டும் உருண்டு சண்டை போட்டால் பூனைகளுக்கும் விரோதம் பதியும், அரை மனதோடு ஒப்புக்கொண்டவருக்கும் வெறுத்துப்போகும். தனி அறை. கதவின் இருபுறமும் சாப்பாடு. படுத்த துணியை மாற்றிப் போட்டு வாசனை பழக்குதல். அப்புறம் வலைக்கதவு வழியாகப் பார்க்க விடுதல். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம், சில ஜோடிக்கு மாதமும் ஆகும் என்று துணையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எந்த அறை பூனைக்கு மூடியிருக்க வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.

முடிவு "வேண்டாம்" என்றால்

வருத்தமாகத்தான் இருக்கும். அதற்காகப் பழைய பூனையைக் கவனிப்பதில் அந்த வருத்தத்தைக் காட்டாதீர்கள். பார்க்கிங் குட்டிக்கு வேறு நல்ல வீடு பார்ப்பதும், தடுப்பூசி போட்டு அனுப்புவதும் உங்கள் அன்புக்குக் குறைவான காரியம் இல்லை. இன்னும் முக்கியம் அந்தக் குட்டியின் தாய். பெண் பூனை நாலைந்து மாதத்திலேயே சினைக்கு வந்துவிடும், சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம்தான். தாயைப் பிடித்துக் கருத்தடை செய்யாமல் விட்டால் அடுத்த ஈற்று அதே பார்க்கிங்கில் சீக்கிரமே வந்து நிற்கும். இன்னொரு பூனை வேண்டாம் என்ற வீடுகளிலும் இந்த வேலைக்குத் துணை மறுப்பது அபூர்வம். பூனையைப் பிடிக்கக் கூண்டைத் தூக்கிக்கொண்டு கூடவே கீழே இறங்கி வருகிறவர்கள் அவர்கள்தான்.