வருகையைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையிலோ நாசரேத்திலோ சாத்தான்குளத்திலோ வளர்ந்த கிறிஸ்தவர்களுக்கு 'வருகை' என்றால், அதாவது இயேசு கிறிஸ்து மீண்டும் வருவது என்றால், என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கன்வென்ஷன் பந்தலில் அதைக் கேட்டிருப்பார்கள். பஸ் ஸ்டாண்டில் கையில் கொடுக்கப்படும் கைப்பிரதியில் அதைப் படித்திருப்பார்கள். திருவிருந்து ஆராதனையில் கிறிஸ்து மரித்தார், உயிர்த்தெழுந்தார், மீண்டும் வருவார் என்று சபையோடு சேர்ந்து சொல்லியிருப்பார்கள். நானும் அதை நம்பித்தான் சொல்கிறேன். அந்த நம்பிக்கை தவறாகக் கையாளப்படும்போது சும்மா இருக்க முடியவில்லை. சாதியாலும் சபையாலும் மதத்தாலும் பிரிந்து கிடக்கிற நம் திருநெல்வேலிச் சீமையில், கடைசிக் காலத்தைப் பற்றிய ஒரு தவறான பேச்சு வீடு வரைக்கும், பள்ளிக்கூடம் வரைக்கும், கல்லறைத் தோட்டம் வரைக்கும் போய்ச் சேர்கிறது.

நாள் குறிப்பது

இது எல்லாரும் கண்டிக்கிற தவறு. ஆனாலும் திரும்பத் திரும்ப நடக்கிறது. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியின் கணக்கை நம்பியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று காத்திருந்தார்கள். நமக்குப் பக்கத்தில் திருவிதாங்கூரில் யுஸ்தூஸ் யோசேப்பு என்ற போதகர், 1881-ல் கர்த்தர் வருவார் என்று அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பிரசங்கித்தார். 1881 வந்தது, போனது. அவரைப் பின்பற்றியவர்கள் தனிச் சபையாகவே நின்றுவிட்டார்கள். 1948-ல் இஸ்ரேல் நாடு உருவானதும், ஒரு தலைமுறை நாற்பது ஆண்டு என்று கூட்டி 1988 என்றார்கள். அப்புறம் அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹெரால்டு கேம்பிங் சொன்ன 2011 மே 21. அந்த நாளையும் நாழிகையையும் பிதாவைத் தவிர யாரும் அறியார் என்று மத்தேயு 24:36 சொல்கிறது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இப்போது மேடையில் யாரும் தேதி சொல்வதில்லை. 'நம் தலைமுறையிலேயே', 'இன்னும் கொஞ்ச காலந்தான்' என்று சொல்கிறார்கள். கேட்கிறவர் மனதில் அதுவும் ஒரு தேதியாகவே பதிகிறது. பெண்ணை மேல்படிப்புக்கு அனுப்ப வேண்டுமா, வீட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டுமா என்று ஒரு குடும்பம் தயங்க ஆரம்பித்தால் அதற்குப் பிரசங்கியும் பொறுப்பு. தெசலோனிக்கேயாவில் சிலர் வேலையை விட்டுவிட்டு ஒழுங்கில்லாமல் திரிந்தபோது, வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் கடுமையாகவே எழுதினார். அந்தச் சபைக்கு அவர் எழுதிய நிருபங்கள்தான் வருகையைப் பற்றி அதிகமாகப் பேசுகிறவை. அதை மறக்கக் கூடாது.

மத்தேயு இருபத்து நான்கோடு வேதத்தை மூடுவது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. தாமிரபரணி கரை மீறியது. ஊர்கள் துண்டிக்கப்பட்டன. இப்படி ஒன்று நடந்தவுடனே மத்தேயு 24 எடுக்கப்படும்: யுத்தம், பஞ்சம், கொள்ளைநோய், பூமியதிர்ச்சி. ஆனால் அந்த அதிகாரத்தின் 6-ம் வசனம், கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள், முடிவு உடனே வராது என்றும் சொல்கிறது. வசனத்தின் முதல் பாதி மட்டும் வாட்ஸப்பில் சுற்றும். மறுபாதியை அனுப்புகிறவர்கள் குறைவு.

வெள்ளத்தை அடையாளம் என்று சொல்லி முடித்துவிட்டால் மற்றக் கேள்விகள் எழுவதே இல்லை. குளக்கரைகள் ஏன் உடைந்தன? நீர்வழிகளில் யார் வீடு கட்டினார்கள்? தாழ்வான இடத்தில் குடியிருக்க வேண்டிய நிலை ஏன் எப்போதும் ஒரே சாதியாருக்கு, ஒரே வர்க்கத்தாருக்கு வருகிறது? இவையெல்லாம் நீதியைப் பற்றிய கேள்விகள். நீதி வாசமாயிருக்கும் புதிய பூமிக்குக் காத்திருக்கிறோம் என்று 2 பேதுரு 3:13 சொல்லும்போது, இந்தக் கேள்விகளைத் தள்ளிவிட்டுக் காத்திருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. மத்தேயு 24-ஐ அடுத்து 25 வருகிறது. அடையாளங்களைச் சொன்ன அதே இயேசு, அதே மலையில், அதே சீஷர்களிடம், மனுஷகுமாரன் வரும்போது என்ன கேட்பார் என்றும் சொல்கிறார்: பசியாயிருந்தேன், தாகமாயிருந்தேன், அந்நியனாயிருந்தேன். அந்த மழையில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள், தாங்களே வெள்ளத்தில் இருந்தபோதும், கையிலிருந்த அரிசி பருப்பைக் கொண்டுவந்து கோவிலில் வைத்துச் சமைத்து அவர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். அவர்களுக்கு மத்தேயு 25 தெரியுமா தெரியாதா என்பது எனக்கு முக்கியமில்லை. நமக்குத் தெரியும். தெரிந்த நாம் 24-ம் அதிகாரத்தில் அடையாளங்களை எண்ணிக்கொண்டே நின்றுவிடக் கூடாது.

முத்திரையைத் தவறான இடத்தில் தேடுவது

வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தல், 13-ம் அதிகாரத்தில், வலது கையிலோ நெற்றியிலோ போடப்படும் மிருகத்தின் முத்திரையையும் 666 என்ற அதன் எண்ணையும் சொல்கிறது. பார்கோடு வந்தபோது அதுதான் 666 என்றார்கள். ஆதார் எண் வந்தபோதும் அதையே சொன்னார்கள். கொரோனா தடுப்பூசி வந்தபோது அந்தப் பயத்தாலேயே ஊசி போடத் தயங்கியவர்கள் இருந்தார்கள். வெளிப்படுத்தல் ரோமப் பேரரசின் கீழ் வாழ்ந்த ஆசியாவின் ஏழு சபைகளுக்கு எழுதப்பட்டது. 666 என்பது நீரோ சீசர் என்ற பெயரை எபிரெய எழுத்துகளில் எழுதி, எழுத்துகளின் மதிப்பைக் கூட்டினால் வரும் எண் என்று வேத அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். சில பழைய கையெழுத்துப் படிகளில் 616 என்றும் இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும், பேரரசை வணங்குகிறவனுக்கு மட்டும் வாங்கவும் விற்கவும் அனுமதி என்கிற ஒரு ஏற்பாட்டுக்கு எதிராக அந்தப் புத்தகம் பேசுகிறது. பாபிலோனின் சரக்குப் பட்டியல் பொன்னில் தொடங்கி மனுஷரில் போய் முடிவதை 18-ம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள்.

நம் மாவட்டத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் சாதிக்கு ஒரு நிறமாகக் கையில் கயிறு கட்டிக்கொண்டு வருவது ரொம்ப நாளாகப் பேசப்படுகிற விஷயம். 2019-ல் பள்ளிக் கல்வித்துறையே இதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 2024-ல் அது கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்பதும் ஒரு பரிந்துரை.

அந்தக் கயிறுதான் வெளிப்படுத்தல் 13 சொல்லும் முத்திரை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பார்கோடு காலத்துத் தவறையே நானும் செய்கிறேன் என்றாகும். ஆனால், வலது கையில் என்ன முத்திரை வரப்போகிறதோ என்று இரவெல்லாம் வீடியோ பார்க்கிற ஒரு தகப்பன், தன் மகனின் மணிக்கட்டை ஒருமுறை பார்க்க வேண்டும். அவன் யாருக்குச் சொந்தம் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஞானஸ்நானத்தில் அவன் நெற்றியில் போட்ட சிலுவை அடையாளத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று யோசிக்க வேண்டும்.

'பரலோகத்தில் ஒன்றாகிவிடுவோம்' என்று தள்ளிப்போடுவது

இதுதான் எனக்குப் பெரிய தவறாகத் தெரிகிறது. கேட்கப் பக்தியாக இருப்பதால் யாரும் எதிர்ப்பதில்லை.

இராதாபுரம் வட்டாரத்தில் வடக்கன்குளம் இருக்கிறது. 2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற ஊர். எல்லாரோடும் சமமாகப் பழகினார் என்று நினைவுகூரப்படுகிறவர் அவர். அதே ஊரில், 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இரண்டு கால்கள் போல இரண்டு நீண்ட கூடங்களோடு ஒரு கோவில் கட்டப்பட்டது. ஒன்றில் நாடார், இன்னொன்றில் வெள்ளாளர் உள்ளிட்ட மற்றவர்கள். பீடம் மட்டும் பொது. 1910-ல் இரண்டு கூடங்களையும் பிரித்த தடுப்பை எடுத்தபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கோவிலுக்குள் சாதிக்கென்று தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரே பீடத்தைப் பார்த்து ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னவர்கள், பக்கத்தில் நிற்பதற்கு ஒரு தீர்ப்பு வேண்டியிருந்தது.

நம் சீர்திருத்தச் சபைகளின் கதையிலும் இந்தச் சிக்கல் உண்டு, வேறு வடிவத்தில். 1799-ல், துன்புறுத்தப்பட்ட புதிய கிறிஸ்தவர்களுக்காக உபதேசியார் தாவீது சுந்தரானந்தத்தின் முயற்சியால் முதலூர் எழுந்தது. உலகம் எரியப்போகிறது, எதற்கு ஊர் கட்ட வேண்டும் என்று அவர்கள் யோசிக்கவில்லை. வீடு கட்டினார்கள், ஜெப ஆலயம் கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். நம்பிக்கை என்றால் அதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் சுவிசேஷம் பெரும்பாலும் சொந்தபந்தத்தின் வழியாகவே பரவியதால், ஒரு கிறிஸ்தவ ஊர் என்பது பல இடங்களில் ஒரு சாதியின் ஊராகவே அமைந்தது. அடைக்கலமாகக் கட்டிய ஊருக்குள் வேறு சாதிக் கிறிஸ்தவன் குடிவர முடியாமல் போனது. இரண்டு நூற்றாண்டு கடந்தும் திருமண விளம்பரத்திலும் சபைத் தேர்தலிலும் அது நம்மோடு வருகிறது.

இதைச் சுட்டிக் காட்டினால், 'அங்கே போனால் எல்லாம் ஒன்றாகிவிடும்' என்று பதில் வரும். பவுல் இந்தப் பதிலை ஒத்துக்கொள்ள மாட்டார். 1 கொரிந்தியர் 11-ஐத் திறந்து பாருங்கள். இந்த அப்பத்தைப் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணும்போதெல்லாம் கர்த்தர் வருமளவும் அவருடைய மரணத்தைத் தெரிவிக்கிறீர்கள் என்கிற வசனம் அங்கேதான் இருக்கிறது. அதற்குச் சற்று முன்னால், வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு நிற்பதைக் கண்டிக்கிறார். நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே இல்லை என்கிறார். வருகைக்குக் காத்திருக்கிற சபை பந்தியில் பிரிந்து உட்காரக் கூடாது என்பதை அவர் தனி உபதேசமாக ஒதுக்கி வைக்கவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் எழுதுகிறார்.

நம்மிடம் அசனம் இருக்கிறது. பிரதிஷ்டைப் பண்டிகையில் ஊரே கூடி அரிசி கொடுத்து, ஆடு கொடுத்து, பெரிய பாத்திரங்களில் சமைத்து, பந்தி பந்தியாகச் சாப்பிடுகிற வழக்கம். சேனைகளின் கர்த்தர் சகல ஜனங்களுக்கும் விருந்து செய்வார் என்று ஏசாயா 25:6 சொல்கிறது. இந்தச் சீமையில் அதற்கு அசனத்தைவிட நெருக்கமான ஒன்றை என்னால் நினைக்க முடியவில்லை. அப்படியானால் கமிட்டி கேட்க வேண்டியது: வேறு சாதியார் குடியிருக்கும் கிழக்குத் தெருக்காரர்கள் சமைக்க வந்தார்களா, அல்லது கடைசிப் பந்தியில் சாப்பிட மட்டும் அழைக்கப்பட்டார்களா? அதேபோல் கல்லறைத் தோட்டம். தமிழ்நாட்டில் பல ஊர்களில் அது இன்னும் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. சரீர உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறேன் என்று ஞாயிறுதோறும் சொல்கிறவர்கள், அந்தக் காலையில் எந்த மண்ணிலிருந்து யாரோடு எழுந்திருப்போம் என்று நினைக்கிறார்கள்? இந்தக் கேள்வியைச் சபைக் கூட்டத்தில் எழுப்பலாம். தீர்மானம் போடலாம். அது சேகரத்தின், அதாவது ஒரு போதகரின் கீழுள்ள சபைகளின், கையில் இருக்கிற காரியந்தான்.

அட்டவணையை விசுவாசத்தின் அளவுகோலாக்குவது

விசுவாசிகள் மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளப்படும் இரகசிய வருகை, ஏழு ஆண்டு உபத்திரவம், ஆயிர வருஷ அரசாட்சி என்ற வரிசை பலருக்கு வேதத்தோடேயே பிறந்ததுபோல் தோன்றும். அந்த முறையான அட்டவணை 1830-களில் பிரதரன் என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் போதகர் டார்பியிடமிருந்து வளர்ந்து, 1909-ல் வெளியான ஸ்கோஃபீல்டு விளக்கவுரை வேதாகமத்தின் மூலம் பரவியது. அதை நம்புகிற நல்ல விசுவாசிகள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதை நம்பாத சி.எஸ்.ஐ.காரரும் (தென்னிந்தியத் திருச்சபையார்) கத்தோலிக்கரும் கைவிடப்படுவார்கள் என்று சொல்லி ஒரே வீட்டில் அண்ணனையும் தம்பியையும் பிரிப்பது சரியில்லை. விசுவாசப் பிரமாணம் கேட்பதெல்லாம் அவர் மீண்டும் வருவார், நியாயந்தீர்ப்பார், மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்பதுதான்.

அடக்க வீட்டில் பயமுறுத்துவது

நம் பக்கத்தில் ஒரே குடும்பத்தில் ஒரு கிளை கிறிஸ்தவமாகவும் ஒரு கிளை இந்துவாகவும் இருப்பது சாதாரணம். சாவு வீட்டுக்கு எல்லாரும் வருவார்கள். அங்கே மைக்கைப் பிடித்து, கிறிஸ்துவிடம் வராதவர்களுக்கு அக்கினிக் கடல் என்று பேசுவதைச் சிலர் ஊழியமாக நினைக்கிறார்கள். பெரியம்மாவும் மாமாவும் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் போகும்போது அந்தப் பேச்சு நடுவில் நிற்கும். மதத்தின் பேரால் ஊரைப் பிரிக்க யாராவது வந்தால், அதற்கு ஒரு காரணத்தையும் நாமே கொடுத்தவர்களாகிறோம்.

அடக்க ஆராதனையில் வாசிக்கிற 1 தெசலோனிக்கேயர் 4-ம் அதிகாரம், இந்த வார்த்தைகளினால் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று முடிகிறது. செய்தி கொடுக்கிற ஐயரோ (போதகரோ) உபதேசியாரோ அந்த வரியைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. இறந்தவருக்காக நாம் எதை நம்புகிறோம் என்று தெளிவாகச் சொல்லலாம். நியாயத்தீர்ப்பைப் பற்றிக் கேட்கிறவர் இருந்தால் இன்னொரு நாள் திண்ணையில் உட்கார்ந்து பேசலாம். உங்களிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவனுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுங்கள் என்கிறார் பேதுரு. அவர்கள் கேட்கும்வரை பொறுத்திருப்பதும் அந்தச் சாந்தத்தில் சேரும்.