சுயதொழில்காரரும் வருமான வரியும்: வன்னியில் மாறாமல் தொடரும் தவறுகள்

கார்த்திகை பிறந்தால் எங்களைப் போலக் கணக்கு எழுதித் தருபவர்களைத் தேடிப் புதிய முகங்கள் வரும். கடை திறந்து இரண்டு வருடமானவர், லொறி வாங்கியவர், டியூஷன் நடத்துபவர். வருட வருமானத்தைக் காட்டி இறைவரித் திணைக்களத்துக்குக் கொடுக்கும் விபரத்திரட்டுக்கான கடைசி நாள் நவம்பர் 30. இவர்களுக்கு முன் வந்தவர்கள் விட்ட பிழைகளையே இவர்களும் விடுகிறார்கள். பெயரெழுத்துப் பிழை, கையெழுத்து மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். காசைக் கரைக்கும் பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

கடைக் காசும் வீட்டுக் காசும் ஒரே கணக்கில்

இதைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். பரந்தன் பக்கம் ஹாட்வெயார் வைத்திருந்த ஒருவருக்கு வருட இலாபம் 15 இலட்சம் அளவில் இருந்தது. ஆனால் கடைக் கணக்கில் அதற்கு மேலும் 30 இலட்சம் விழுந்திருந்தது. தங்கையின் கலியாணத்துக்குக் கனடாத் தம்பி அனுப்பிய 12, சீட்டு எடுத்த 8, கோயில் திருப்பணிக்கு ஊரார் கொடுத்த 10. திருப்பணிக்கு அவர்தான் பொருளாளர்.

திணைக்களம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியபோது, "தம்பி அனுப்பின காசெண்டு ஊருக்கே தெரியும்தானே" என்றார். ஊருக்குத் தெரியும், தாளில் இல்லையே. தம்பி உண்டியலில் அனுப்பியிருந்தார். யாரோ மோட்டார் சைக்கிளில் வந்து காசைக் கொடுத்துவிட்டுப் போக, இவர் அதை வங்கியில் போட்டிருக்கிறார். வைப்புச் சீட்டில் அவருடைய கையெழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. சீட்டும் வாய்ப்பேச்சில் நடந்தது. கோயில் காசுக்குப் பற்றுச்சீட்டுப் புத்தகம் இருந்தபடியால் அது தப்பியது. மற்ற 20 இலட்சமும் வியாபார வருமானமாகவே எடுக்கப்பட்டது.

2025/26 விகிதத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். 35 இலட்சத்தில் தனிநபர் நிவாரணம் 18 இலட்சத்தைக் கழித்தால் மிச்சம் 17. முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18, மீதி 2 இலட்சத்துக்கு 24. மொத்தம் 198,000 ரூபாய், அதற்கு மேல் தண்டமும் வட்டியும். உண்மையான இலாபத்தை மட்டும் பார்த்தால் இவர் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை!

தொழிலுக்குத் தனிக் கணக்கு திறவுங்கள். உறவினர் காசு வங்கி வழியாக வரட்டும், அந்தத் தாளை எடுத்து வையுங்கள். சீட்டுக் கொப்பியில், சீட்டை நடத்தும் தாய்ச்சியிடம் கையெழுத்து வாங்குங்கள். கோயில் காசு கோயில் பெயரிலுள்ள கணக்குக்கே போகட்டும். எல்லாவற்றையும் குறைந்தது 5 வருடம் வைத்திருங்கள். எலி அரித்தது, மழையில் நனைந்தது என்று பிறகு சொல்லிப் பயனில்லை.

தவணைகளை மறப்பது

பலர் நவம்பரில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டலாம் என்று இருக்கிறார்கள். வரியை ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று நான்கு தவணையாகக் கட்ட வேண்டும். மீதி செப்டெம்பர் 30க்குள். அறுவடை மெஷின் வைத்திருப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுப்படுகிறார்கள். வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. காலபோக வெட்டுக் காசோ ஆண்டின் கடைசியில், மாசி பங்குனியில்தான் கைக்கு வரும். அதையும் உத்தேசமாகச் சேர்த்துத்தான் ஓகஸ்டிலேயே தவணையைக் கணிக்க வேண்டும்.

"வங்கி பிடித்துவிட்டதே"

வைப்பு வட்டியில் வங்கி பிடிக்கும் 10 சதவீத வரி முற்பணம் மாதிரி. வட்டியையும் வருமானத்தில் காட்டி, பிடித்ததைக் கட்ட வேண்டிய வரியில் கழியுங்கள்.

டின் நம்பருக்குப் பயப்படுவது

டின் என்பது வரி செலுத்துவோர் அடையாள நம்பர். அதை எடுத்ததற்காக வரி வராது.

வெளிநாட்டுக்கு இணைய வேலை

முன்பு இதற்கு விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் இல்லை. வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியாக வரும் சேவை வருமானத்துக்கு உச்ச விகிதம் 15 சதவீதம். இங்கும் உண்டியல் கெடுக்கும்: அந்த வழியால் எடுத்தால் இந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள்

இலங்கைக் குடியுரிமையை விட்டு, வெளிநாட்டில் இருந்துகொண்டே வவுனியாவில் கடைத்தொகுதியை வாடகைக்கு விடுபவர்கள், "18 இலட்சத்துக்குள்தானே" என்று இருந்துவிடுகிறார்கள். அந்த நிவாரணம் இங்கு வதிபவருக்கும், வெளியே இருக்கும் இலங்கைக் குடிமக்களுக்கும் உரியது. இவர்களுக்குக் கிடையாது. இரட்டைக் குடியுரிமை எடுத்தவர் குடிமகன்தான், அவருக்கு உண்டு.

ஓய்வெடுத்து ஊரோடு வந்து இருப்பவருக்கு வேறு சிக்கல். பன்னிரண்டு மாதத்தில் 183 நாளோ அதற்கு மேலோ இங்கே தங்கினால் அவர் வதிபவர். அப்போது உலகில் எங்கு உழைத்தாலும் அந்த வருமானத்தை இங்கே காட்ட வேண்டும். கனடா, பிரித்தானியா, சுவிஸ், நோர்வே போன்ற நாடுகளோடு இலங்கைக்கு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அதன் பயனைக் கேட்க அந்த நாட்டில் வரி கட்டிய தாள் வேண்டும். விமானம் ஏறும்போதே அதையும் கையோடு கொண்டு வாருங்கள். இங்கிருந்து எழுதிக் கேட்டு எடுப்பதற்குள் நவம்பர் போய்விடும்.