ஊழியர் மனநிலை: பெரிய மருத்துவமனைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பெரிய மருத்துவமனைகளில் ஒரு நர்ஸ் வேலையை விட்டால் நிர்வாகம் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "கல்ஃபுக்குப் போறாங்க, சம்பளம் அங்க அதிகம்." குமரி மாவட்டத்தில் பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் அதையே எல்லோருக்கும் பொருத்துவது முதல் தவறு. ஏறக்குறைய அதே சம்பளத்துக்குப் பக்கத்து மருத்துவமனைக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்களிடம் ஏன் என்று கேட்பதில்லை. கடிதத்தில் 'சொந்தக் காரணம்' என்றிருக்கும், அத்தோடு முடிந்தது.

சரி, வேலையில் இருப்பவர்களின் மனநிலையைப் படிவம் கொடுத்துக் கேட்கிற இடங்களில் எப்படிக் கேட்கிறார்கள்? காலை ஷிப்ட் மாறும் நேரம். இரவெல்லாம் நின்றவர் நோயாளிகளின் விவரத்தை அடுத்தவரிடம் ஒப்படைத்துக்கொண்டிருக்கிறார், குலசேகரம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அப்போது வார்டு பொறுப்பாளர் ஒரு தாளை நீட்டி, "டிக் போட்டு என்கிட்டயே குடுத்துட்டுப் போம்மா" என்கிறார். பெயர் வேண்டாம்தான். ஆனால் வார்டு, ஷிப்ட், எத்தனை வருட சர்வீஸ் என்று எழுதினாலே ஆள் தெரிந்துவிடும். எல்லாக் கட்டத்திலும் 'நன்று' என்றே விழும். படிவத்தை நிரப்பப் பணி நேரத்திலேயே அவகாசம் கொடுங்கள், பூட்டிய பெட்டியில் போடச் சொல்லுங்கள். நாலைந்து பேரே உள்ள பிரிவின் பதில்களைத் தனியாகக் காட்டாதீர்கள்.

புகார் வராத வார்டுதான் நல்ல வார்டு என்று நினைப்பது இதைவிட மோசமான தவறு. அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல தலைமை இருந்த பிரிவுகளில்தான் மருந்துப் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. பயமில்லாமல் சொன்னார்கள் என்பதே அவர் தந்த விளக்கம். வாய் திறந்தால் திட்டு விழும் வார்டில் டோஸ் மாறிப் போனாலும் நோட்டில் ஏறாது. அனுபவிப்பது நோயாளி.

ஒப்பந்தத்தில் வேலை செய்யும் துப்புரவுப் பணியாளர்களை "நம்ம ஸ்டாஃப் இல்லையே" என்று விட்டுவிடுவதும் நடக்கிறது. வார்டுக் கழிவை அள்ளும் அக்காவின் கையிலும்தான் ஊசி குத்துகிறது. அவரிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டாமல், தமிழில் நேரில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அப்புறம், கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது. உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று எழுதியிருந்தால் அந்த வாரமே போட்டுவிடலாம். ஆள் பற்றாக்குறை தீர நாளாகும். எத்தனை பேரை, எப்போது எடுக்கப்போகிறோம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். அடுத்த படிவம் அதற்கு அப்புறம் போதும்.