மேகம் ஏறுவதற்குள் மூன்று நிறமும்

நெபுலாவை (விண்வெளியில் ஒளிரும் வாயு, தூசிக் கூட்டம்) படம் எடுக்க மோனோ கேமராதான் (கறுப்பு-வெள்ளையில் எடுப்பது, ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஃபில்டர் போட வேண்டும்) சரி என்பார்கள். நுணுக்கத்தில் அது உண்மை. ஆனாலும் நம் ஊர் வானத்துக்கு நான் கலர் கேமராவைத்தான் சொல்வேன். ஒரு மார்ச் இரவு, ஜவ்வாது மலையில், நண்பரிடம் இரவல் வாங்கிய மோனோ கேமராவில் கரீனா நெபுலாவை எடுத்துக்கொண்டிருந்தேன். சிவப்பு முடிந்தது, பச்சை முடிந்தது. நீல ஃபில்டரைத் திருப்பும்போது தெற்கே மேகம் ஏறிவிட்டது. இங்கிருந்து கரீனா உச்சிக்கு வந்தாலும் தொடுவானத்துக்கு மேலே 17 டிகிரிதான். விடியும்வரை காத்திருந்தும் நீலம் கிடைக்கவில்லை, படமும் இல்லை. கலர் கேமராவில் ஒவ்வொரு ஷாட்டிலும் மூன்று நிறமும் இருக்கும். பத்து ஷாட்டோடு மேகம் மூடினாலும் ஒரு படம் தேறும்.

இப்போது என்னிடம் இருப்பது சோனியின் ஐஎம்எக்ஸ்533 சென்சார் உள்ள, இரைச்சல் குறைய அந்தச் சென்சாரைக் குளிரூட்டும் கேமரா. பிக்சல் 3.76 மைக்ரான். டெலஸ்கோப்புக்குப் பொருந்துமா என்று பார்க்க, அதை 206-ஆல் பெருக்கி, குவியத்தூரத்தால் (மி.மீ.) வகுங்கள். என் 400 மி.மீ. டெலஸ்கோப்புக்கு ஒரு பிக்சலுக்கு 1.9 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்) வருகிறது, தாராளமாகப் போதும்.

குளிர்ச்சியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மைனஸ் 10 என்று எங்கோ படித்துவிட்டு அதையே வைப்பார்கள். இந்தக் கேமரா வெளிவெப்பத்தைவிட 35 டிகிரி வரைதான் இறக்கும். நம் ஏப்ரல் இரவில் வெளியே 30 டிகிரி இருந்தால் மைனஸ் 5-க்கே அது முழு மூச்சாக ஓட வேண்டும். நான் வருடம் முழுக்க 0 டிகிரி வைக்கிறேன். படம் எடுக்கும் அதே 0 டிகிரி, அதே கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) 100, அதே 120 நொடியில், மூடியைப் போட்டு 30 டார்க் (சென்சாரின் சொந்த இரைச்சலை மட்டும் பதியும் இருட்டு ஷாட்) ஒரே தடவை எடுத்து வைத்தேன். மாதக்கணக்கில் அதையே பயன்படுத்துகிறேன். கெயின் எண் கேமராவுக்குக் கேமரா மாறும், உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிளாட் (தூசி, ஓர இருட்டைச் சரிசெய்ய, சீரான வெளிச்சத்தில் எடுக்கும் ஷாட்) மட்டும் ஒவ்வொரு இரவும் எடுக்க வேண்டும். வெள்ளை வேட்டித் துணியை இரண்டாக மடித்து டெலஸ்கோப் வாயில் கட்டி, விடியற்காலை வானத்தைப் பார்த்து 20 ஷாட். அதுவரை ஃபோகஸைத் தொடாதீர்கள், கேமராவைத் திருப்பாதீர்கள். சென்சார் முன்னால் ஒட்டிய ஒரு தூசி, படத்தில் வட்டமாக, கறுப்பு வளையல்போல விழும். ஃபிளாட் இல்லாமல் அது போகாது.

எதையும் ஜேபெக்காகச் சேமிக்காதீர்கள், ரா ஃபிட்ஸ்தான் (சென்சார் தந்ததை அப்படியே வைக்கும் வானியல் கோப்பு வகை). முதல் படம் பச்சையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்: நான்கு பிக்சலில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். இலவச மென்பொருளான சிரிலில் முதலில் டார்க்கைக் கழித்து, ஃபிளாட்டால் வகுத்து, அப்புறம்தான் நிறம் பிரிக்க வேண்டும். ஸ்டாக் செய்தபின் (எல்லா ஷாட்டையும் ஒன்றாகச் சேர்த்தபின்) நட்சத்திரங்களை வைத்து நிறத்தைச் சரிசெய்தால் பச்சை போய்விடும்.

ஊருக்குள் மொட்டைமாடியிலிருந்து எடுப்பவர்கள் ஒரு டூயல்பேண்ட் ஃபில்டர் (இரண்டு குறுகிய அலைநீளப் பட்டைகளை மட்டும் உள்ளே விடுவது) வாங்கலாம். 656 நானோமீட்டர் ஹைட்ரஜன் ஒளி சிவப்பு பிக்சலுக்கும், 501 ஆக்சிஜன் ஒளி பச்சைக்கும் நீலத்துக்கும் போகும். தெருவிளக்கு பெரும்பாலும் நின்றுவிடும். ஆண்ட்ரோமெடா மாதிரி கேலக்ஸிக்கு அது வேண்டாம், நட்சத்திர ஒளியே போய்விடும். அந்த ஃபில்டர் போட்டால் நான் 300 நொடி கொடுக்கிறேன். அதற்கு டார்க்கும் 300 நொடியில் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.